கவர்னர் நூட் நெல்சன் தேர்தலே இல்லாமல் செனட்டர் ஆனது எப்படி?

கேள்வி:
விக்கிப்பீடியாவுக்காக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலக் கவர்னராக இருந்த நூட் நெல்சன் பற்றி ஒரு கட்டுரை தயாராகிறது. 1894 நவம்பரில் இரண்டாம் முறையாகக் கவர்னர் பதவிக்கு ஜெயிக்கிறார். 1895 மார்ச் 4இல் அமெரிக்க செனட்டர் பதவிக்காலம் தொடங்கிவிடுகிறது. நடுவில் தேர்தல் எதுவும் இல்லையே? நார்வேயில் பிறந்தவருக்குத் தகுதிச் சிக்கல் வரவில்லையா?

பதில் 1:
அன்று செனட்டரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. 1895 ஜனவரியில் சொந்தக் கட்சிக்காரரும் பதவியில் இருந்தவருமான வாஷ்பர்னைத் தள்ளிவிட்டு நெல்சன் வந்தார். ஜனவரி 31இல் கவர்னர் பதவியை விட்டார். துணை கவர்னர் டேவிட் கிளவ் அந்த இடத்துக்கு வந்தார். 1913இல் செனட்டரை மக்களே தேர்ந்தெடுக்க வழிசெய்த 17ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தபின், 1918இல் நெல்சன் மக்கள் வாக்கிலும் ஜெயித்தார். "1895 செனட் தேர்தல்" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் பொதுத்தேர்தல் என்றே நினைப்பார். "சட்டமன்ற வாக்கெடுப்பில்" என்று சேர்த்துவிடுங்கள்.

பதில் 2:
தகுதியில் சிக்கல் இல்லை. செனட்டருக்கு 30 வயதும் 9 ஆண்டுக் குடியுரிமையும் அந்த மாநிலத்தில் வசிப்பதும் போதும். பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது ஜனாதிபதிக்குத்தான். 1843இல் நார்வேயின் எவாங்கரில் பிறந்தவர், 1849இல் தாயோடு சிகாகோ வந்து, பிறகு விஸ்கான்சினில் வளர்ந்தார். அங்கே மாநில அசெம்பிளி (1868–69), மினசோட்டாவின் அலெக்சாண்ட்ரியா ஊருக்குக் குடிபெயர்ந்தபின் அம்மாநில செனட் (1875–78). இந்த மாநில செனட்டை வாஷிங்டன் செனட்டோடு குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இன்னொன்று பெயர்: நார்வே ஆவணங்களில் "நெல்சன்" என்று தேடினால் கிடைக்காது. அது மாற்றாந்தந்தை நில்ஸின் பெயரிலிருந்து வந்தது.

பதில் 3:
நெல்சனின் வெற்றிக்கு நார்வேக்காரர்கள் வாக்கு மட்டும்தான் காரணம் என்று எழுதாதீர்கள். 1882இல் ஐந்தாம் தொகுதிக்கான குடியரசுக் கட்சி மாநாடு இரண்டாக உடைந்து, சார்லஸ் கிண்ட்ரெட் போட்டி வேட்பாளராக நின்றார். அதையும் தாண்டித்தான் நெல்சன் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போனார். மாநாடு நடந்த டெட்ராய்ட் மிச்சிகன் நகரம் அல்ல, இன்று டெட்ராய்ட் லேக்ஸ் எனப்படும் மினசோட்டா ஊர். 1892இல் கட்சி அவரைக் கவர்னர் பதவிக்கு நிறுத்தியதற்கும் கணக்கு உண்டு: விவசாயிகளின் ஆதரவு பெற்ற பாப்புலிஸ்ட் கட்சியின் டானலி பக்கம் சாய்ந்த ஸ்காண்டிநேவிய விவசாயிகளை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

பதில் 4:
1889 நெல்சன் சட்டத்தை ஒற்றை வரியில் தள்ளிவிடாதீர்கள். மினசோட்டாவின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களை வைட் எர்த் என்ற ஒதுக்கீட்டு நிலத்துக்கு நகர்த்தி, மிஞ்சும் நிலத்தையும் பைன் காட்டையும் விற்பதுதான் அதன் நோக்கம். வயதுவந்த ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புதல் தர வேண்டும் என்று விதி இருந்தது. பெண்களுக்கு அதில் இடமே இல்லை. ரெட் லேக் பகுதி ஒஜிப்வே மக்கள் பெரும் பரப்பை விட்டுக்கொடுக்க நேர்ந்தது, ஆனாலும் மீதியைத் தனிமனைகளாகப் பிரிக்க விடவில்லை. இதற்குத் தனித் தலைப்பே கொடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. பதவி வரிசையில் மாநில செனட்டைத் தனியாகப் பிரித்து, 1889க்குத் தனித் தலைப்பும் சேர்க்கிறேன்.