பல்கிங்கில் மைசூர்பாக்கு: கணக்கில் சேர்த்தால் போதுமா?

தண்டால்77: எடை 65 கிலோ, பல்கிங்குக்கு (தசை ஏத்த கூடுதலா சாப்பிடுறது) தினம் 2800 கலோரி. தினமும் ராத்திரி 2 மைசூர்பாக்கு. கலோரிக் கணக்கில் சேர்த்துக்கிட்டா போதுமா, தொப்பைதான் மிஞ்சுமா?

கர்லாக்கட்டை: அது எதோட இடத்தைப் பிடிக்குதுன்னு பாருங்க ப்ரோ. உடல் எடையில் கிலோவுக்கு தினம் 1.6 கிராம் புரதம், உங்களுக்கு 104 கிராம். அது முடிஞ்ச பிறகுதான் இனிப்பு. சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள்ள, அதாவது 70 கிராம். டீ, காபியில் போடுறதும் இதில் அடக்கம். மைசூர்பாக்கில் பெரிய வில்லன் நெய்தான், கிராமுக்கு 9 கலோரி. விரலில் நெய் கசியுற மெத்து ரகம்னா துண்டுக்கணக்கு ஏமாத்தும். தராசில் எடை போட்டுடுங்க.

பளு_பாண்டி: கடலைமிட்டாய்க்கு மாறலாமே? 30 கிராமில் சுமார் 150 கலோரி, 4 கிராம் புரதமும் வரும். ஆனா ஒர்க்அவுட்டுக்கு முன்னாடி ரெண்டுமே வேண்டாம். கொழுப்பு மெதுவாத்தான் செரிக்கும், ஸ்குவாட்டில் (உட்கார்ந்து எழும் பயிற்சி) குனியும்போது எதுக்களிக்கும். 45 நிமிஷம் முன்னாடி ஒரு வாழைப்பழம் போதும்.

தண்டால்77: கொழுப்பு ஏறுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கர்லாக்கட்டை: காலையில் வெறும் வயிற்றில் எடை, 7 நாள் சராசரி. வாரத்துக்கு 200-300 கிராம் ஏறினா சரி. தொடர்ந்து அரைக் கிலோ தாண்டி, இடுப்பளவும் கூடினா 200 கலோரி குறைங்க. முதல்ல மைசூர்பாக்குல கை வைங்க, முட்டையில வேண்டாம்.