ஃபேமிலி குரூப்: 'ஓமா'ன்னு முடிஞ்சா கேன்சரா?

சித்தி: தோள்ல இருந்த கட்டிய எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புனாங்கல்ல, ரிப்போர்ட்ல லைபோமான்னு போட்டிருக்கு, லிம்போமாங்கற கேன்சர் மாதிரியே இருக்கே பேரு, எனக்கு கையும் ஓடல காலும் ஓடல

பெரியப்பா: பதறாதம்மா. ஓமான்னா சாதா கட்டி, கார்சினோமான்னு இருந்தாதான் பயப்படணும்

அக்கா: சித்தி உங்களுது வெறும் கொழுப்புக்கட்டிதான், நிம்மதியா தூங்குங்க. ஆனா பெரியப்பா, லிம்போமா, மெலனோமா, மீசோதீலியோமா எல்லாமே ஓமாதான், மூணுமே கேன்சர் 😬

மாமா: அப்ப பேர வச்சு என்னதான் தெரியும்

அக்கா: எந்தத் திசுல ஆரம்பிச்சுதுன்னு தெரியும் மாமா. தோல், குடலோட உள்பக்கம், சுரப்பி இந்த மாதிரி மேல்படலத்துல வர்ற கேன்சர் கார்சினோமா, எலும்பு தசை கொழுப்புல வந்தா சார்கோமா, சித்தியோட கொழுப்புக்கட்டியே கேன்சரா இருந்திருந்தா லைபோசார்கோமான்னு எழுதிருப்பாங்க

தம்பி: எனக்கு அடிபட்டப்ப ஸ்கேன்ல ஹீமடோமான்னு போட்டாங்களே

அக்கா: அது ரத்தம் கட்டுனதுடா, இந்த லிஸ்ட்லயே வராது. கிரானுலோமாவும் இந்த லிஸ்ட்ல வராது, அது அழற்சில செல்லுங்க ஒண்ணா சேந்து வர்ற சின்ன முடிச்சு, டிபில கூட வரும்

சித்தி: கீழ 8850/0ன்னு இருக்கே அது என்ன

அக்கா: ஆஹா அதான் முக்கியம்! உலக சுகாதார நிறுவனத்தோட குறியீடு. அந்த சாய்கோட்டுக்கு (/) அப்புறம் 0ன்னா சாதா, 1 நிச்சயமில்ல, 2 இருந்த இடத்துலயே இருக்கு இன்னும் ஊடுருவல, 3ன்னா கேன்சர். லைபோசார்கோமா 8850/3

மாமா: எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு நுரையீரல்ல இருந்து மூளைக்கு போய் இப்ப மூளை கேன்சர் ஆயிடுச்சாம்

அக்கா: இல்ல மாமா அது நுரையீரல் கேன்சர்தான், எங்க போனாலும் பொறந்த இடத்து பேருதான், மருந்தும் அத பாத்துதான் குடுப்பாங்க. எவ்ளோ பரவிருக்குங்கறது ஸ்டேஜ், செல்லு பாக்க எவ்ளோ மாறிருக்குங்கறது கிரேடு, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க

பெரியப்பா: ஒரு பேருக்கு இவ்ளோ அக்கப்போரா

அக்கா: பேர பாத்துதானே பெரியப்பா ஆபரேஷனே முடிவாகுது. தைராய்டுல ஒரு வகைக் கட்டி, கூடு மாதிரி ஒரு உறைக்குள்ளயே இருக்கும், பரவுறது ரொம்ப அபூர்வம், ஆனா பேருல கார்சினோமா இருந்ததால நெறைய பேருக்கு முழு தைராய்டையும் எடுத்து கதிரியக்க அயோடினும் குடுத்துட்டு இருந்தாங்க. 2016ல நிபுணர்கள் கூடி கார்சினோமாங்கற வார்த்தையவே தூக்கிட்டாங்க

தம்பி: செம 👏

சித்தி: சரி ரிப்போர்ட்ட இங்கயே போடவா

அக்கா: வேணாம் சித்தி, எனக்கு தனியா அனுப்புங்க, தையல் பிரிக்க போறப்ப ஒரிஜினல டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க