அமெரிக்க விண்ணப்பம்: கூடுதல் பரிந்துரைக் கடிதம் வைக்கலாமா?

மஞ்சக்குப்பம் அப்பா:
மகள் கடலூரில் பிளஸ் டூ படிக்கிறாள். காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளம்) வழியாக அமெரிக்காவில் நாலு கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறோம், ஜனவரி 1 கடைசி நாள். இயற்பியல் சார், இங்கிலீஷ் மிஸ் இரண்டு பேரும் எழுதித் தருகிறார்கள், பள்ளியின் மாணவர் ஆலோசகர் (கவுன்சிலர்) தர வேண்டிய கடிதத்தைப் பள்ளி முதல்வர் தருகிறார். என் மச்சான் தெரிந்த எம்.எல்.ஏ.விடம் லெட்டர்பேடில் ஒன்று வாங்கித் தருகிறேன் என்று நிற்கிறார். டியூஷன் சாரும் தயார். தேவனாம்பட்டினத்தில் மீனவர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார், மகள் மூன்று வருடமாக அங்கே போய் கணக்கு சொல்லித் தருகிறாள், ஆனால் அவருக்குப் பட்டமோ பதவியோ கிடையாது, தமிழில்தான் எழுதுவார். நம்மூர் இன்ஜினியரிங் கவுன்சலிங் என்றால் கட்-ஆஃபோடு முடிந்துவிடும். இதில் எத்தனை கடிதம் வைப்பது?

வில்லியனூர் டீச்சர்:
எம்.எல்.ஏ. கடிதம் வேண்டாம் சார். உங்கள் மகளோடு அவர் ஒரு மணி நேரம்கூடப் பேசியிருக்க மாட்டார், நல்ல குடும்பத்துப் பெண் என்பதற்கு மேல் அவரால் என்ன எழுத முடியும்? டியூஷன் சாரும் இயற்பியல் சார் சொல்வதையேதான் திருப்பிச் சொல்வார். அந்த அக்காவிடம் வாங்குங்கள். கணக்கு என்றாலே ஓடுகிற பையனை உங்கள் மகள் எப்படி உட்கார வைத்தாள், மழைக்காலத்தில் வகுப்புக்கு யார் வந்தார்கள், இதெல்லாம் பள்ளியில் யாருக்கும் தெரியாது. பதவியைப் பார்த்து இந்தக் கடிதத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

எத்தனை என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். காமன் ஆப்பில் ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் ஆசிரியர் கடிதம் எத்தனை, மற்றவர் கடிதம் எத்தனை என்று போட்டிருக்கும். சிலர் மற்றவர் கடிதமே வாங்குவதில்லை, அங்கே தபாலிலோ மெயிலிலோ திணிக்க வேண்டாம்.

லாஸ்பேட்டை அண்ணன்:
டீச்சர் சொல்வதுதான் சரி. மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. பட்டியலில் இருந்தால் அதற்குத் தனித் தளம், கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவர், மொழி அல்லது வரலாறு மாதிரிப் பாடம் எடுப்பவர் ஒருவர் என்று கேட்பார்கள். அப்புறம் ஒரு விஷயம், கடிதம் எழுதுபவர் யாருக்கும் அதை ஏற்றுவதற்கான இணைப்பு அனுப்புவதற்கு முன்னால், காமன் ஆப்பில் ஃபெர்பா (மாணவர் ஆவணங்கள் பற்றிய அமெரிக்கச் சட்டம்) என்ற பகுதியை மகள் முடிக்க வேண்டும், கடிதத்தைப் பின்னால் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாளா என்று அதில் கேட்கும், விட்டுக்கொடுப்பதே நல்லது, அப்போதுதான் எழுதியவர் மனதில் பட்டதை எழுதியிருக்கிறார் என்று நம்புவார்கள்.

மஞ்சக்குப்பம் அப்பா:
மச்சானிடம் நான் பேசிக்கொள்கிறேன். அக்காவின் கடிதத்தை மகளே இங்கிலீஷில் மாற்றலாமா?

வில்லியனூர் டீச்சர்:
மகளும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். பள்ளி இங்கிலீஷ் மிஸ்ஸிடம் கொடுங்கள், மொழிபெயர்த்தது யார் என்று அடியில் அவர் பெயர் போட்டுக் கையெழுத்திடட்டும். தமிழ்க் கடிதத்தையும் அதையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி அக்காவின் மெயிலுக்கு வரும் இணைப்பில் அவரே ஏற்ற வேண்டும். அவருக்கு மெயில் இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள், அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் மிஸ்ஸுக்கும் நேரம் இருக்காது.

மஞ்சக்குப்பம் அப்பா:
சாயங்காலம் மகளை வகுப்பில் விடப் போகும்போது நேரிலேயே கேட்கிறேன். ரொம்ப நன்றி டீச்சர், நன்றி தம்பி.