காதலையும் காமத்தையும் முதலில் பிரித்தது யார்?

ஏட்டுச்சுவடி: காதல் ஈர்ப்பையும் உடல் ஈர்ப்பையும் பிரித்துப் பெயரிட்டவர் 2001-க்கு முன் எவருமே இல்லை என்று நிலவன் தம் பதிவில் அடித்துச் சொல்லியிருக்கிறார். ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ், ஆணிடம் மென்மையான காதலும் பெண்ணிடம் உடல் வேட்கையும் கொள்ளும் ஆண்களை, இரண்டையும் இருபாலரிடமும் உணர்பவர்களிலிருந்து பிரித்து, 1860-களிலேயே தனிப் பெயர் வைத்துவிட்டார்.

நிலவன்: நான் பேசியது அரோமாண்டிக் (காதல் ஈர்ப்பு அற்றவர்), பைரொமாண்டிக் (இருபாலரிடமும் காதல் ஈர்ப்பு உள்ளவர்) போன்ற இன்றைய சொற்களை. அவை பாலீர்ப்பு அற்றவர்களுக்காக 2001-இல் டேவிட் ஜே தொடங்கிய ஏவென் இணையத்தளத்தையும் அதையொட்டிய குழுக்களையும் சார்ந்து பரவியவை. ஆணை விரும்பும் ஆணைக் குறிக்க உல்ரிக்ஸ் வைத்த ‘ஊர்னிங்’ என்ற சொல்லை இன்று யார் தம் அடையாளமாகச் சொல்கிறார்கள்?

ஏட்டுச்சுவடி: சொல் வழக்கொழிந்தால் பகுப்பும் இல்லாமற்போகுமா? ‘எவருமே இல்லை’ என்று எழுதியவர் தாங்கள்தான்.

கயல்: 1979-இல் உளவியலாளர் டாரதி டென்னாவ் ‘லிமரன்ஸ்’ என்னும் தீவிரக் காதல் மயக்கத்தைப் பற்றிய தம் நூலில், அதை உணராதவர்களும் இருப்பதாக எழுதினார். அரோமாண்டிக் என்பதற்கு அது இன்னும் நெருக்கமானதல்லவா?

ஏட்டுச்சுவடி: அம்மையீர், 1979-ஐப் பிறகு பார்ப்போம், நிலவன் முதலில் 1860-களுக்கு விடை சொல்லட்டும்.

மாறன்: ஹோமோசெக்ஷுவல் என்ற சொல்லைத் தந்தவர் கெர்ட்பெனி என்னும் ஹங்கேரிய மருத்துவர். உல்ரிக்ஸுக்கு இவ்வளவு ஆரவாரம் எதற்கு?

ஏட்டுச்சுவடி: கெர்ட்பெனி மருத்துவரே அல்லர். வியன்னாவில் பிறந்து, பென்கெர்ட் என்ற பெயரை மாற்றிக்கொண்ட எழுத்தாளர் அவர். அச்சொல் 1868 மே 6-ஆம் நாளிட்ட, அதே உல்ரிக்ஸுக்கான கடிதத்தில் இருக்கிறது. மறு ஆண்டு ஆண்களுக்கிடையிலான உடலுறவைக் குற்றமாக்கிய பிரஷ்யச் சட்டப்பிரிவு 143-ஐ எதிர்த்துப் பெயரின்றி வெளியிட்ட துண்டுநூலில் அச்சேறியது. பழைய நூல்களின் பிழையைச் சுமந்துகொண்டு வாதாட வந்துவிட்டீர்கள்!

மாறன்: கிடைத்திருப்பது அக்கடிதத்தின் வரைவு மட்டுமே. வரைவைக் கடிதம் என்று சொல்பவர் பிறர் பிழையைப் பேசுவது வேடிக்கை.

நிலவன்: சென்ற மாத இழையிலும் ஏட்டுச்சுவடியார் இப்படித்தான் ஆண்டுகளை அடுக்கி மிரட்டினார். 2001 என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஏட்டுச்சுவடி: ‘எவருமே’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுவீர்களா, மாட்டீர்களா?

மாறன்: வரைவா, கடிதமா என்று முதலில் சொல்லுங்கள்.