மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டி: ‘கிரைம் ஸ்டோரி’ பார்த்தவர்களின் அனுபவங்கள்

நேப்பர்வில், இல்லினாய்

எனக்கு 1960-களின் கார்கள் மேல் பைத்தியம். அதற்காகத்தான் எங்கள் ஊர் நூலகத்தில் ‘கிரைம் ஸ்டோரி’ டிவிடியை எடுத்து வந்தேன். கார்களை மறக்க இரண்டே இரவுதான் ஆனது. முதல் சீசனை முடிக்க ஒன்பது நாள். கடைசி நாள் விடியற்காலை நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

தெரியாதவர்களுக்காக: 1986 செப்டம்பரிலிருந்து 1988 மே வரை, இரண்டே சீசன், என்பிசி என்ற அமெரிக்க டிவி சேனலில் வந்த தொடர். தயாரிப்பு மைக்கேல் மான். கதை 1963-இல் சிகாகோவில் தொடங்குகிறது. ரே லூகா என்ற இளைஞன் கொள்ளையடித்துத் திரிகிறான். சிகாகோ குற்றக் கும்பலின் பெரிய தலைகள் கண்ணில் பட்டு, படிப்படியாக ஏறி, லாஸ் வேகாஸில் சூதாட்ட விடுதிகளையே ஆட்டிவைக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறான். மைக் டொரெல்லோ என்ற போலீஸ் லெப்டினென்ட் அவனைத் துரத்துகிறார். துரத்தித் துரத்தி அவருடைய கல்யாண வாழ்க்கையே முறிந்துபோகிறது.

டொரெல்லோவாக நடித்த டென்னிஸ் ஃபரீனா 18 வருடம் சிகாகோ போலீஸில் வேலை பார்த்தவர். கதையை உருவாக்கிய இருவரில் ஒருவரான சக் ஆடம்சன் அதே ஊரில் டிடெக்டிவாக இருந்தவர். லூகாவின் கையாள் பாலியாக வரும் ஜான் சான்டுச்சி நிஜ வாழ்க்கையில் நகைத் திருடர். போலீஸாக வந்தவர் போலீஸ், திருடனாக வந்தவர் திருடர். ஃபரீனாவின் முகத்தில் ஒரு களைப்பு இருக்கும் பாருங்கள், அது நடிப்புப் பள்ளியில் கிடைக்கிற களைப்பு இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. எங்கள் சித்தப்பா மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடுவார். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்கும். “மெதுவா போடறாரு, இன்னிக்கும் போச்சு” என்பார் சித்தி. ஜெயித்த நாளில் ஸ்டாண்டை எட்டி உதைப்பார், தெருவே கேட்கும். அப்படிப்பட்ட நாள் அபூர்வம். சித்தியின் வளையல் நாலும் அடகுக் கடையிலேயே மூழ்கிப் போயின. தன்னை ஜெயித்த ஒவ்வொருவரையும் சித்தப்பா பெயர் சொல்லித் திட்டுவார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேஜைக்கு இவ்வளவு என்று மன்றத்துக்காரர்கள் எடுத்துக்கொள்வார்களே, அந்தக் காசைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார். யார் ஜெயித்தாலும் தோற்றாலும் அது போய்க்கொண்டே இருந்தது.

சூதாட்டத்தை நான் ஆடுபவர் பக்கமிருந்தே பார்த்து வளர்ந்தவன். காசை வாரிக்கொண்டு போகிறவர் பக்கம் எப்படியிருக்கும் என்று நினைக்க வைத்தது லூகாதான். தொடரை முடித்த கையோடு நிஜ வேகாஸின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலம் 1931-இலேயே சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்துவிட்டது. பிறகு கும்பலுக்கு அங்கே என்ன வேலை? சீட்டில் ஏமாற்றுவதா? அதற்குத் தேவையே இல்லை. வசூலான பணத்தைக் கணக்கில் ஏற்றுவதற்கு முன்பே ஒரு பங்கை உருவிவிடுவதுதான் வேலை. கணக்கில் வராத பணத்துக்கு வரியும் கிடையாது, கேள்வியும் கிடையாது. 1957 மே மாதம் நியூயார்க்கில் ஃபிராங்க் காஸ்டெல்லோ என்ற கும்பல் தலைவரை அவர் வீட்டுக் கட்டடத்தின் முன்கூடத்தில் சுட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். அவர் பையில் போலீஸுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. அதில் 6,51,284 டாலர் என்று ஒரு தொகை. வேகாஸில் திறந்து ஒரு மாதம்கூட ஆகாத ட்ரோபிகானா விடுதியின் வசூலோடு அது அப்படியே பொருந்தியது. பிற்பாடு 1970-களில் அதே ஊரின் ஸ்டார்டஸ்ட் விடுதியில், நாணயத்தை நிறுக்கும் தராசையே எடை குறைத்துக் காட்டும்படி திருத்தி வைத்திருந்தார்கள். நம்மூர் அரிசிக் கடைத் தராசு நினைவுக்கு வந்தது.

போன வருடம் வேகாஸ் போனபோது சூதாட்டக் கூடம் எதிலும் நுழையவில்லை. நேராக, குற்றக் கும்பல்களின் கதையைச் சொல்லும் மாப் மியூசியத்துக்குப் போனேன். பழைய ஃபெடரல் நீதிமன்றக் கட்டடம் அது. செனட்டர் கெஃபாவர் 1950 நவம்பரில் இந்தக் கும்பல்களைப் பற்றி விசாரணை நடத்திய அறை இரண்டாம் மாடியில் இன்னும் இருக்கிறது. அந்த மர பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சித்தி உயிரோடு இருந்திருந்தால் கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன்.

ஒரே ஒரு குறை. முதல் சீசன் முடிவில் லூகாவும் பாலியும் பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனை நடக்கும் இடத்தில் போய் மாட்டிக்கொள்வார்கள். பார்க்கும்போது மூச்சு நின்றது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே தரைக்கு மேலே குண்டு வெடிப்பதை 1962-லேயே நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு நிஜமாக எடுத்தவர்கள் அதில் மட்டும் ஏன் தவறினார்களோ.

* * *

ஓக் புரூக், இல்லினாய்

தம்பி, நீங்கள் டிவிடியில் பார்த்ததை நான் வந்த நாளிலேயே பார்த்தேன். 1974-இல் மருத்துவப் பயிற்சிக்காகச் சிகாகோ வந்தவன் நான். 1986 ஜூனில் இங்கே செய்தித்தாள் முழுக்க ஒரே பேச்சு. வேகாஸில் சிகாகோ கும்பலின் ஆளாக இருந்த டோனி ஸ்பிலாட்ரோவையும் அவர் தம்பியையும் கொன்று, இந்தியானாவில் ஒரு சோளக் காட்டில் புதைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி கேன்டீனில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. மூன்றே மாதத்தில் டிவியில் லூகா வருகிறான், சிகாகோவிலிருந்து வேகாஸுக்கு, அதே பாதையில். எங்களுக்கு அது சீரியலாகத் தெரியவில்லை.

மியாமி வைஸ் என்ற போலீஸ் தொடர் முடிந்ததும் வெள்ளிக்கிழமை இரவு போடுவார்கள். தொடக்கத்தில் வரும் டெல் ஷானனின் பழைய பாட்டு ஆரம்பித்தால் என் மனைவி சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். பிறகு செவ்வாய்க்கு மாற்றினார்கள். எனக்கு அன்று இரவு டியூட்டி. அவள்தான் கேசட்டில் பதிந்து வைப்பாள். நடுவில் விளம்பரம் வந்தால் பதிவை நிறுத்தி, சரியான நொடியில் மறுபடி அழுத்துவதில் அவளுக்கு ஒரு பெருமை.

கடைசிப் பகுதியில் டொரெல்லோவும் லூகாவும் ஒரே விமானத்துக்குள் கட்டிப் புரள, விமானம் கடலை நோக்கி விழும். அதோடு தொடர் நின்றுவிட்டது. பிழைத்தார்களா, செத்தார்களா என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த செப்டம்பரில் வந்துவிடும் என்று புதுக் கேசட் ஒரு கட்டு வாங்கி வைத்தாள். பிரிக்காமல் அப்படியே அடித்தளத்தில் இருக்கிறது. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

* * *

ஹெண்டர்சன், நெவாடா

ஐயா, அந்தக் கட்டைப் பிரிக்காமலே வைத்திருங்கள்.

அண்ணா, உங்கள் சித்தப்பா பேசாமல் விட்ட அந்தக் காசை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கணக்குத் தணிக்கை வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு விடுதியின் எண்ணும் அறைக்கு அனுப்பினார்கள். காலை ஐந்து மணி. ஒவ்வொரு சூதாட்ட மேஜைக்கு அடியிலும் ஒரு பூட்டிய பெட்டி மாட்டியிருக்கும். ஆடுபவர் நீட்டும் நோட்டு அதற்குள்தான் விழும். எல்லாப் பெட்டிகளையும் வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து உள்ளே விட்டதும் கதவு பூட்டிக்கொண்டது.

எண்ணுபவர்கள் பையே வைக்காமல் தைத்த முழு அங்கி போட்டிருந்தார்கள். மூன்று பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் எண்ண ஆரம்பிப்பார்கள். மேஜையின் மேல்பலகை கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, அடியில் எதுவும் ஒளிக்க முடியாதபடி. பெட்டியைத் திறந்து கவிழ்த்ததும் காலிப் பெட்டியின் உள்பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டுகிறார்கள். மூக்கு அரித்தாலும் சரி, மேஜையிலிருந்து கையை எடுப்பதற்கு முன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, புறங்கையையும் திருப்பிக் காட்டுகிறார்கள். பேச்சே இல்லை. நோட்டு எண்ணும் இயந்திரத்தின் சத்தம் மட்டும்.

அன்றைக்கு எனக்கு இந்தத் தொடர் தெரியாது. போன மாதம் கணவரோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான், அந்த அங்கியில் ஏன் பை இல்லை என்பது உறைத்தது. லூகா மாதிரி ஆட்கள் ஒரு தலைமுறை முழுக்க உருவியதால் வந்த தையல் அது.

எண்ணி முடிக்க ஏழரை ஆகிவிட்டது. நான் ஒரு நோட்டைக்கூடத் தொடவில்லை, ஓரமாக நின்று குறிப்புத்தான் எடுத்தேன். வெளியே வரும்போது கதவருகே நின்று, பேனாவைச் சுடிதார் கழுத்தில் செருகிவிட்டு, மேலே இருந்த கேமராவைப் பார்த்து நானும் இரண்டு கையையும் திருப்பிக் காட்டினேன்.