புதுப்பிப்பு: டிஸ்பேஸ் நிர்வாகி உள்நுழைவு சரியாகிவிட்டது

டிஸ்பேஸ் 7 (நூலகத்தின் டிஜிட்டல் ஆவணங்களைச் சேமித்துக் காட்டும் மென்பொருள்) சர்வரில் நிர்வாகிக் கணக்கு உருவாக்கியும், நூலகத்தின் மற்ற கணினிகளிலிருந்து உள்ளே போக முடியவில்லை என்று கேட்டிருந்தேன் அல்லவா? கடவுச்சொல்லில் கோளாறே இல்லை. இந்தப் பதிப்பில் பிரவுசரில் நாம் பார்க்கும் ஆங்குலர் முகப்பு தனி, பின்னாலிருந்து அதற்குத் தரவு தரும் ரெஸ்ட் சேவை தனி. உள்நுழைவுக்கான குக்கீயைப் பிரவுசர் ஏற்க எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) வேண்டும்; அதே கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரிக்கு மட்டும் விலக்கு. சர்வரிலேயே லோக்கல்ஹோஸ்ட் என்று திறந்தால் மட்டும் வேலை செய்ததும் அதனால்தான்.

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் போட்டு, கட்டமைப்புக் கோப்புகளில் முகப்பு, சேவை இரண்டின் முகவரியையும் மாற்றி, ரெஸ்ட் சேவையை ஓட்டும் டாம்கேட்டை மறுபடி தொடங்கியதும் சரியாகிவிட்டது. கோப்பில் எழுதும் முகப்பு முகவரி பிரவுசரில் உள்ளதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் கார்ஸ் பிழைதான் (வேறு முகவரியிலிருந்து வரும் கோரிக்கை என்று தடுக்கப்படும்).

அப்புறம், கடவுச்சொல் மறந்துபோனால் பயப்பட வேண்டாம்: கிரியேட்-அட்மினிஸ்ட்ரேட்டர் கட்டளையை அதே மின்னஞ்சலோடு ஓட்டினால் புதிய கடவுச்சொல் பதிந்துவிடும். எல்டாப் (பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கும் அடைவுச் சேவை) இணைப்பு இன்னும் பாக்கி.