ஸ்டெட்ஹைமரின் நான்கு பேராலயங்களும் என் அத்தையும்

நவீன ஓவியம் என்றாலே முகத்தைச் சுளிக்கும் என் அத்தை, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு ஓவியத்தின் முன்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தார். காவலர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

வரைந்தவர் ஃப்ளோரின் ஸ்டெட்ஹைமர் (1871–1944). ‘பேராலயங்கள்’ என்று நான்கு படங்கள், ஒவ்வொன்றும் ஐந்தடி உயரம். பெயரை நம்பி மாதாவையும் தேவதூதர்களையும் தேடினால் கிடைக்க மாட்டார்கள். பிராட்வே நாடக வீதி, ஐந்தாம் அவென்யூ கடைவீதி, பங்குச் சந்தை இருக்கும் வால் ஸ்ட்ரீட், கலை என்று அந்த ஊர் எதையெல்லாம் விழுந்து கும்பிட்டதோ அதற்கெல்லாம் ஆளுக்கொரு ஆலயம் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

அத்தை சிரித்தது ‘ஐந்தாம் அவென்யூ’ (1931) படத்துக்கு. தேவாலய வாசலில் ஒரு பணக்காரக் கல்யாணம். பாதிரியார் இருக்கிறார், கேமராக்காரரும் இருக்கிறார். சுற்றிலும் கடைப் பெயர்கள் மிதக்கின்றன. டிஃபனி நகைக்கடையின் பெயரை நகைகளாலேயே எழுதியிருக்கிறார். “கல்யாணத்தைவிட நகைக்கடைதான் பெருசா தெரியுது. நம்ம ஊரேதான்” என்றார் அத்தை.

எனக்கு அதைவிடப் பிடித்தது ‘கலை’. 1942-இல் தேதியிட்ட படம், முழுதாக முடிக்காமலே இறந்துவிட்டார். அதில் கலை என்பது கீழே அம்மணமாகக் கிடக்கும் ஒரு பச்சைக் குழந்தை. பிறந்ததும் பிறக்காததுமாக அதன் மேல் ஃபிளாஷ் வெளிச்சம் அடித்துப் படம் எடுக்கிறார்கள். விமர்சகர் ஒருவர் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி ‘நில்’, ‘போ’ பலகைகளோடு நிற்கிறார். அருங்காட்சியக இயக்குநர்கள், ஓவிய வியாபாரிகள் எல்லோரும் அவரவர் இடத்தில். நடுவில் இருப்பது இதே மெட்ரோபாலிட்டனின் பெரிய படிக்கட்டு! 1953-இல் ஓவியரின் தங்கை எட்டி (Ettie) இதை அன்பளிப்பாகக் கொடுத்தபோது, தங்களையே கிண்டலடித்த இந்தப் படத்தையும் அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கீழே ஓரத்தில் வெள்ளை உடையில், ஒரு சின்ன விதானத்துக்கடியில் நிற்கிறாரே, அது ஸ்டெட்ஹைமரேதான். கூட்டத்தைக் கேலி செய்துவிட்டுத் தானும் அந்தக் கூட்டத்துக்குள்ளே போய் நின்றுகொள்வார். அப்புறம் ஓவியரைக் கண்டுபிடிப்பதே அத்தைக்கு விளையாட்டாகிவிட்டது. ‘வால் ஸ்ட்ரீட்’ படத்தில் தங்க நிற ஜார்ஜ் வாஷிங்டன் சிலைக்குப் பூங்கொத்து கொண்டுபோகிறார்.

இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது? குடும்பத்தில் காசு இருந்தது. 1916-இல் நோட்லர் காலரியில் தனிக் கண்காட்சி வைத்தார், ஒன்றுகூட விற்கவில்லை. அதன் பிறகு வீட்டில் நண்பர்களைக் கூட்டிப் புதுப் படத்தைத் திறந்து காட்டுவதே வழக்கமாகிவிட்டது. வாங்குகிறவர் முகம் கோணுமே என்ற கவலை அவருக்கு இல்லை. இதைச் சொன்னதும், “காசு இருக்கிறவங்களுக்கு எல்லாமே வேடிக்கைதான்” என்று அத்தை ஒரே போடாகப் போட்டார்.

அதில் பாதி உண்மை. ‘வால் ஸ்ட்ரீட்’ 1939-ஆம் ஆண்டுப் படம், பங்குச் சந்தை சரிந்து பத்து வருஷம் கழித்து வரைந்தது. வங்கி முதலாளி மார்கனும் எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லரும் சாமி சிலை மாதிரி சுவரில் புடைத்து நிற்கிறார்கள், அதிபர் ரூஸ்வெல்ட் முகம் நட்ட நடுவில். நல்ல கிண்டல்தான். ஆனால் பேண்டு வாத்தியமும் கொடியும் ஜொலிப்பும் கண்ணை நிறைக்கிற அளவுக்கு, அந்தச் சரிவில் வேலை போனவர்கள் கண்ணில் படுவதில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த இடங்களில்தான், அதாவது கடை, விருந்து, அருங்காட்சியகம் இவற்றில்தான், அவர் கத்தி கூர்மை.

அதற்குச் சாட்சி ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘பெண்டல் கடையில் வசந்தத் தள்ளுபடி’ (1921). அச்சு அசல் தி.நகர் ஆடித் தள்ளுபடி! சீமாட்டிகள் துணிக் குவியல் மேல் பாய்ந்து இழுக்கிறார்கள், வளைகிறார்கள், கண்ணாடி முன் நெளிகிறார்கள். ஆனாலும் அவர்களை அவர் அசிங்கமாக வரையவில்லை. நடனம் மாதிரி இருக்கிறது அந்தப் பாய்ச்சல். ஆண் ஓவியர் யாராவது இதைத் தொட்டிருந்தால் ‘பெண்களும் துணி ஆசையும்’ என்று பழைய நக்கலாக முடிந்திருக்கும் என்பது என் கட்சி. மூலையில் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது. கையெழுத்துக்குப் பதில் தன் பெயரின் முதலெழுத்துகளை அதன் சட்டையில் போட்டிருக்கிறார்.

இன்னும் நான் நேரில் பார்க்காதது ‘அழகிப் போட்டி’ (1924). அழகிப் போட்டியை வரைந்துவிட்டு, சர்க்கஸ் முதலாளி பார்னம் நினைவுக்குச் சமர்ப்பணம் என்று போட்டிருக்கிறார். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், வாட்ஸ்வொர்த் அதீனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனவர்கள் யாராவது இருந்தால் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.